ராக்காயி உள்ளே இருக்கிறாள்

அடைக்கல மனையில் இருபத்து மூன்று கிழடுகளும், பதினோரு கமிட்டி மெம்பர்களும், ஒரு நாகலெட்சுமியும் இருந்தார்கள்.

கிழடுகள் எந்நேரமும் அங்கேயே இருந்தார்கள். மெம்பர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இருந்தார்கள். நாகலெட்சுமி எந்நேரம் எங்கே இருந்தாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. கஞ்சிக்கு அரிசி களையும்போது பின்கட்டில் யாரோ விழுவார்கள். விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது முன்கட்டில் யாரோ வேட்டியோடு போய்விட்ட வாடை வரும். அதைக் கழுவிவிட்டு வருவதற்குள் கஞ்சி அடிப்பிடித்திருக்கும். கேட்டில் மூக்கன் என்று ஒரு காவலாள் உண்டு. விறகு பிளப்பதும், மலை ஊற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் கொண்டு வருவதும், மெம்பர்கள் வரும் நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தேத்தண்ணீர் பரிமாறுவதும் அவன்தான். அவனுக்கு ஒரு கால் கொஞ்சம் சூம்பல்.

தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் நடுவே, மலைமுதுகுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில், வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன பழைய பங்களா அது. ஐம்பது வருஷம் கொழுந்து பறித்து, வேலைப் பதிவில் பேர் வெட்டப்பட்டு, பிள்ளை குட்டி என்று யாருமில்லாமல், புத்தியும் தடுமாறிப் போனவர்களை ஆறு தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அதைக் கட்டிக் காப்பதற்குத்தான் கமிட்டி. பெரியகங்காணிப் பரம்பரையில் வந்த செல்லசாமி அதற்குத் தலைவர். ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்தார். கோட்டில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற மாயாண்டி மாஸ்டர் காரியதரிசி.

கமிட்டி கவலைப்பட ஆரம்பித்தது ராக்காயியால்.

ராக்காயிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். தன் பேர் சில நாள் நினைவிருக்கும், சில நாள் இருக்காது. ஆனால் காலை பத்து மணி ஆகிவிட்டதென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டு, "பாலு கட்டிக்கிச்சு புள்ள, போயிட்டு வந்திர்றேன்" என்று எழுந்துவிடுவாள்.

முதல் தடவை அப்படிப் போனபோது நாகலெட்சுமி கரண்டியும் கையுமாகப் பின்னாலேயே ஓடினாள். ராக்காயி எங்கும் அலையவில்லை. குறுக்குப்பாதையில் இறங்கி, கார் ரோட்டைத் தாண்டி, ஹமீத் முதலாளியின் கடையைக் கடந்து, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு நேராகப் போனாள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. பத்து மணிக்குப் பால் கொடுக்க வருவார்கள், கொடுத்துவிட்டு மலைக்கு ஓடுவார்கள். ராக்காயி அந்த இளந்தாய்மார்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். ஒரு துணித் தொட்டிலை நான்கு ஆட்டு ஆட்டினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். "தூங்குது. கங்காணி ஏசுவான், வர்றேன்" என்று எழுந்து, வந்த வழியே வேகமாகத் திரும்பினாள். போக வர முக்கால் மணி நேரம். அங்கே ஆயாவாக இருந்த மீனம்மா மட்டும் கரண்டியோடு நின்ற நாகலெட்சுமியைப் பார்த்துச் சொன்னாள்: "வந்தா வந்துட்டுப் போவட்டும்க்கா. புள்ளைங்க ஒண்ணும் பயப்படல. அந்த ரோட்டு வளைவுதான் பயம், கொழுந்து லொறி வர்ற எடம். கூட ஒரு ஆளு வந்தாப் போதும்."

கூட ஒரு ஆள். அந்த ஒரு ஆள்தான் அடைக்கல மனையில் இல்லை. தினமும் முக்கால் மணி நேரம் நாகலெட்சுமி போனால் மற்ற இருபத்திரண்டு பேரையும் சுவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்த நாட்களில் போனாள், முடியாத நாட்களில் ராக்காயியின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். கட்டிக்கொண்ட மார்போடு நிற்பவளிடம் என்ன சொல்லிக் கெஞ்சுவது? ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ராக்காயி எழுந்திருக்க மாட்டாள். அன்றைக்கு விடியற்காலை ஆள் கூட்டிப் பேர் போடும் பெரட்டு இல்லை என்று எந்தக் காலண்டரும் இல்லாமல் அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் வளைவில் ஒரு லொறி சடாரென்று பிரேக் பிடித்தது. டிரைவர் கடைத்தெருவில் போய்க் கத்தினான். அது செல்லசாமியின் காதுக்குப் போயிற்று. கமிட்டி அவசரமாகக் கூடியது.

பங்களாவின் பெரிய ஹாலில் பதினோரு பேரும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரோல்ஸ் பலகாரமும் வாழைப்பழமும் வந்திருந்தன. செல்லசாமி எழுந்தார்.

"அன்பர்களே! முதுமை என்பது இரண்டாவது குழந்தைப் பருவம். அலையும் குழந்தையை அரவணைக்கும் தாயாக இந்தக் கமிட்டி இருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இந்தப் பிரச்சினையை வேரோடு பிடுங்காமல் நான் உறங்க மாட்டேன்!"

அப்போது மணி பத்து. ஹாலின் ஒரு கதவு வழியாக வந்து, மேசைக்கும் நாற்காலிகளுக்கும் இடையே புகுந்து, மறு கதவு வழியாக ராக்காயி வெளியே போனாள். அவள் போவதற்கு வசதியாக மெம்பர்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நாகலெட்சுமி அடுப்படியில் பதினோரு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணீருக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டு வாசலோரம் நிறுத்தினார்கள்.

"அந்தக் கெழவி எதுக்குப் போறா?" என்றார் செல்லசாமி.

"புள்ளைக்குப் பால் குடுக்கப் போறாங்கய்யா."

மாயாண்டி மாஸ்டர் எழுதுவதை நிறுத்தினார். "எத்தன வயசுப் புள்ள?"

"இல்லீங்க சார், இப்ப புள்ள ஒண்ணும் கெடையாது. அவங்களுக்கு அப்படி நெனப்பு."

மாஸ்டர் சேர்க்கைப் பத்திரத்தை எடுத்துப் புரட்டினார். "குழந்தைகள் என்ற இடத்துல ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கு. இப்ப கைக்குழந்தை இருக்குங்கறா. அப்ப விவரத்த மறைச்சுச் சேந்திருக்கா." சொல்லிக்கொண்டே எழுதினார். கைக்குழந்தையோடு வருபவர்களைச் சேர்க்க மனையின் விதியில் இடமில்லை என்று இன்னொரு மெம்பர் நினைவூட்டினார். அதையும் எழுதினார்.

ஹமீத் முதலாளியும் ஒரு மெம்பர்தான். அவர் தொண்டையைக் கனைத்தார். "நான் ஒண்ணு கேக்குறேன். அந்தப் பொம்பள பத்து மணிக்கு என் கடையத் தாண்டும். பதினொண்ணுக்கு முன்னாடி திரும்பும். என் கடக் கடியாரத்தையே நான் அத வச்சுத்தான் திருத்துறேன். இத அலையிறதுன்னு எப்புடிச் சொல்றீங்க?"

"அதாங்கய்யா" என்றாள் நாகலெட்சுமி. கிடைத்த வாய்ப்பை விடக்கூடாதென்று நாக்கு முந்திக்கொண்டது. "கூட ஒரு ஆளு போனாப் போதும். இன்னொரு பொம்பளயப் போட்டீங்கன்னா..."

"ஆளப் பத்திக் கடைசியில பேசுவோம்மா. முதல்ல கொள்கை" என்றார் செல்லசாமி.

கொள்கை அன்று மாலைக்குள் தயாராகிவிட்டது. ஒருவர் மூன்று முறை வெளியேறினால் பேர் வெட்டிக் கீழ்நாட்டில் இருக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவது. கேட்டில் ஓர் அறிவிப்புப் பலகை வைப்பது. கேள்வி கேட்ட ஹமீத் முதலாளியைப் பலகை உபகமிட்டிக்குத் தலைவராக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை.

நாகலெட்சுமிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. போன வருஷம் காளியாயி என்ற கிழவியை அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து அவளுடைய தட்டும் லோட்டாவும் மட்டும் தபாலில் திரும்பி வந்தன. நன்றாகக் கழுவித்தான் அனுப்பியிருந்தார்கள்.

பலகை வந்தது. சிங்களமே அரச மொழி என்று சட்டம் வந்த மறு வருஷம் அது. அதனால் மேலே பெரிதாகச் சிங்களத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே இங்கிலீஷ். தமிழுக்கென்று அதற்கும் கீழே வெறும் இடம் விட்டிருந்தார்கள். இருபத்து மூன்று பேரில் எந்த மொழியிலும் ஓர் எழுத்துத் தெரிந்தவர் இல்லை. பலகையின் நிழல் நன்றாக விழுந்ததால் ராக்காயி பத்து மணிக்கு அதன் கீழே நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

அடுத்து ரெஜிஸ்டர் வந்தது. மணிக்கு ஒரு தரம் இருபத்து மூன்று பேரையும் நேரில் பார்த்து, ஒவ்வொரு பேருக்கும் எதிரே 'உள்ளே' என்று எழுதி, நாகலெட்சுமி கையெழுத்துப் போட வேண்டும். நாலாம் வகுப்புவரை படித்தவள் அவள். ஒரு சுற்று எழுதி முடிக்க நாற்பது நிமிஷம் பிடித்தது. மிஞ்சிய இருபது நிமிஷத்தில் கஞ்சி, குளிப்பு, கழுவல். மூன்றாம் நாள் பத்து மணிக்கு, பன்னிரண்டாவது பேரை எழுதிக்கொண்டு அவள் குனிந்திருந்தபோது, பத்தொன்பதாவது பேர் அவள் முதுகுக்குப் பின்னால் நடந்து போய்விட்டது. எழுதிய எழுத்துக் காய்வதற்குள் வந்து நின்ற மாயாண்டி மாஸ்டர் சிவப்பு மையால் ராக்காயி பேருக்கு எதிரே ஒரு கோடு போட்டார்.

"சார், நான் எழுதிக்கிட்டு இருந்தேன் சார்."

"எழுத்தெல்லாம் குண்டு குண்டா நல்லாத்தான் இருக்கு" என்றார் மாஸ்டர். அவர் கெட்ட மனிதர் இல்லை.

பிறகு ஒரு தப்புப் பறை வந்தது. யாராவது கேட்டைத் தாண்டினால் மூக்கன் தப்பு அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூக்கன் தலையைச் சொறிந்தான். "ஏங்கய்யா, அடிக்கிற நேரத்துக்குப் புடிச்சு நிறுத்திர்றனே?"

"நிறுத்துறது உதவியாளர் பொறுப்பு. அறிவிக்கிறதுதான் காவலாளி பொறுப்பு" என்றார் செல்லசாமி. "ரெண்டையும் குழப்பினா நிர்வாகம் என்ன ஆவுறது?"

மறுநாள் பத்து மணிக்கு ராக்காயி அவனைத் தாண்டிப் போனாள். மூக்கன் நகர்ந்து வழிவிட்டுத் தப்பை எடுத்து ஓங்கி அடித்தான்.

பங்களா பள்ளத்தில் இருந்ததால் எந்தத் தோட்டத்துத் தப்புச் சத்தமும் அங்கே எட்டாது. வருஷக் கணக்காக அதைக் கேட்காதவர்கள் அந்தக் கிழடுகள். அவர்களுக்குத் தப்புச் சத்தம் என்றால் ஒரே அர்த்தம்தான், விடிந்துவிட்டது, பெரட்டுக்குப் போக வேண்டும். முதல் அடிக்கே பின்கட்டில் கட்டில்கள் முனகின. பேச்சியம்மா மெத்தை விரிப்பை உருவி இடுப்பில் கொழுந்து மலைக்குக் கட்டும் சாக்குப் படங்குபோல் சுற்றிக்கொண்டாள். கண் தெரியாத பழனியாண்டி தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கேட்டுச் சுவரைத் தடவினார். ஒரு காலத்தில் கங்காணியாக இருந்தவர் அவர். "நேரமாச்சு, நேரமாச்சு, அரப்பேர் போட்டுருவாங்க, பாதிச் சம்பளந்தான், ஓடியாங்க!" என்று அவர் குரல் கொடுக்க, எழுந்து நிற்க முடிந்த பத்தொன்பது பேரும் வரிசை பிடித்துக் கேட்டைத் தாண்டினார்கள். விதிப்படி ஒவ்வொருவர் தாண்டும்போதும் மூக்கன் மறுபடி மறுபடி அடித்தான். அடிக்க அடிக்க அவர்கள் வேகமாக நடந்தார்கள்.

படுக்கையை விட்டு எழ முடியாத மூன்று பேரை அப்படியே போட்டுவிட்டு நாகலெட்சுமி ஓடினாள். மேல்மலையில் தேயிலைக்கு நடுவே அவர்கள் நிரை பிடித்து நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பேர் மறந்த விரல்கள், சோறு அள்ளத் தெரியாத விரல்கள், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடையில்லாத முதுகுக்குப் பின்னால் எறிந்துகொண்டிருந்தன. நாகலெட்சுமி ஒரு நிமிஷம் அவர்களைக் கூப்பிடாமல் நின்றாள். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் நிம்மதியாக இருந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை. மனுஷரைப் பிழிந்தெடுத்த பிறகு கடைசியில் மிஞ்சுவது இதுதானா?

கமிட்டி இதை இருபது பேர் வெளியேறிய சம்பவமாகப் பதிந்தது. ராக்காயிக்கு இரண்டாவது கோடு. தப்பில் குற்றமில்லை என்றும், உதவியாளரின் கவனக்குறைவே காரணம் என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தது.

"இன்னும் ஒரு தடவதான்" என்று மாஸ்டர் அவளிடம் தனியாகச் சொன்னார். "பாத்துக்க. உனக்கு எழுத்து வேல அதிகம்னு எனக்கும் தெரியுது. ஒண்ணு செய்யி. மணிக்கு மணி எழுத வேண்டாம். மாசம் ஒண்ணாந் தேதி உக்காந்து முழு மாசத்துக்கும் கையெழுத்து போட்டுரு. அவங்க பேருக்கும் 'உள்ளே', ஊழியர் பக்கத்துல உன் பேருக்கும் 'உள்ளே'. மத்த நேரம் வேலயப் பாரு."

நாகலெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனையில் அவளுக்கு யாரும் செய்த முதல் உதவி அதுதான். ஒன்றாம் தேதி உட்கார்ந்து மாதம் முழுவதும் எல்லோரையும் உள்ளே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அந்த ரெஜிஸ்டரைப் பார்த்த செல்லசாமிக்கு உள்ளம் பூரித்துவிட்டது. ஒருவர்கூட வெளியேறவில்லை! மாதம் முடியாமலேயே அது தெரிந்துவிட்டது! ஆண்டறிக்கையில் 'வெளியேற்றம் அறவே ஒழிந்தது' என்று எழுதினார்கள். ஒழிந்துவிட்ட ஒன்றுக்குத் தப்பு அடிப்பதும், அதைப் பற்றி ஊழியர்கள் பேசுவதும் மனையின் பேருக்குக் களங்கம் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது.

ஆடி மழையில் ஒருநாள் பேச்சியம்மா குளியலறையில் விழுந்து மண்டை உடைந்தது. நாகலெட்சுமி துணியைச் சுட்டுக் கரியை வைத்து இரத்தத்தை அடக்கிக்கொண்டிருந்தபோது மணி பத்து. அவள் நிமிர்ந்தபோது ராக்காயியின் பாய் காலி. பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. மலையில் மண் சரிந்து பாதை மூடிவிட்டதாக மூக்கன் சொன்னான். யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. நடக்காத ஒன்றை எப்படிச் சொல்வது? இருட்டுவதற்கு முன்னால் ஹமீத் முதலாளி சுற்றுவழியாகக் கடை ஆளிடம் சொல்லியனுப்பினார்: கிழவி பத்திரம், மீனம்மா குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் இருக்கிறாள், காலையில் வருவாள். நாகலெட்சுமி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மீனம்மா, மேலே ஒரு படங்கைப் போர்த்தி, ராக்காயியைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தாள். கேட்டில் மாயாண்டி மாஸ்டர் நின்றிருந்தார்.

"யாரு இது?"

"ஏன் சார், ராக்காயிதான்" என்றாள் மீனம்மா. "நேத்து மழையில..."

மாஸ்டர் கையை உயர்த்தினார். ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்தார். "நேத்து, ராக்காயி, உள்ளே. இன்னிக்கு, ராக்காயி, உள்ளே. நாகலெட்சுமி, இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"உள்ள இருக்கறவள மறுபடி உள்ள எடுக்க விதியில்ல. அப்ப இது வேற ஆளு. இல்ல, இவதான் ராக்காயின்னா, மூணாவது கோடு. உன் கையெழுத்தும் பொய். ரெண்டுல எது, நீயே சொல்லு."

அவர் மிரட்டவில்லை. கணக்குக் கேட்கும் வாத்தியாரைப் போல நிதானமாகத்தான் கேட்டார். ராக்காயியின் ரவிக்கை நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. நாகலெட்சுமிக்குக் கழுவி அனுப்பிய ஒரு தட்டு கண்ணில் வந்தது.

"வேற ஆளுதான் சார்" என்றாள். "எங்க அம்மாயி. ஊருல இருந்து என்னப் பாக்க வந்திருக்காங்க."

மாஸ்டர் மூடியைத் திருகிப் பேனாவைப் பையில் வைத்தார். "ஊழியர் உறவுக்காரங்க விறகுக் காம்பராவுல தங்கலாம்" என்றார். அவருக்குத் தெரியும் என்பது நாகலெட்சுமிக்குத் தெரியும். அவள் அறிந்தது அவருக்கும் தெரியும். இருவரும் சேர்ந்து அதைத் தெரியாததாக்கி முடித்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் வெகு சுலபமாக நடந்தது. விறகுக் காம்பராக் கிழவி மனையைச் சேர்ந்தவள் அல்ல என்பதால் அவளை யாரும் தடுக்கவில்லை. பத்து மணிக்கு மூக்கன் கேட்டைத் திறந்துவிட்டு, "வெளியாளு போறாங்க, வழி விடு" என்று இல்லாத கூட்டத்தை விலக்கினான். வளைவுவரை மீனம்மா எதிரே வந்து கூட்டிக்கொண்டு போனாள், கூட்டி வந்து விட்டாள். ஒரு கமிட்டியும் இல்லாமல் இரண்டு பெண்கள் பேசி முடித்த ஏற்பாடு. பத்தொன்பதாம் எண் பாய் ஹாலில் விரித்தபடியே கிடந்தது. அதில் இருந்த ராக்காயி மாதா மாதம் உள்ளேயே இருந்தாள். பாயில் போவதில்லை, கஞ்சியைக் கவிழ்ப்பதில்லை, ஒரு குறை சொல்வதில்லை. கமிட்டி அவள்மேல் மெல்ல மெல்லப் பாசம் கொண்டது. ஆண்டு விழாவில் 'சிறந்த மனைவாசி' என்று அவளுக்கு ஒரு கம்பளி பரிசளிப்பதாக முடிவாயிற்று.

விழாவன்று கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கார் பேட்டரியில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கிழடுகளுக்கு முதல் நாளே தலை வாரி, அன்று காலை தண்ணீர் குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று உத்தரவு. குடித்தால் நடுவில் எழுந்திருப்பார்களாம். பிள்ளைக்காம்பராக் குழந்தைகளை வரவேற்புப் பாட்டுப் பாடக் கொண்டுவந்திருந்தார்கள். நடக்கிற பிள்ளைகள் வரிசையில் நிற்க, கைக்குழந்தை ஒன்றை மீனம்மா இடுப்பில் வைத்திருந்தாள். அவளை அங்கே பார்த்ததும் நாகலெட்சுமிக்குத் திக்கென்றது. அப்படியானால் பத்து மணிக்கு வளைவில் யார்?

"தலைவரு ஐயா நேத்துதான் சொல்லி அனுப்புனாரு. வராட்டி ஏசுவாருக்கா" என்று மீனம்மா உதட்டை அசைத்தாள்.

பரிசு ராக்காயி சார்பில் நாகலெட்சுமி வாங்க வேண்டும். கம்பளியை முன்கூட்டியே கையில் கொடுத்து அவளை மேடை ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். செல்லசாமி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"ராக்காயி யார்? நேற்றுவரை திசை தெரியாமல் திரிந்த ஒரு சருகு! அந்தச் சருகை நிலைநிறுத்தியது எது? ஆட்களைக் கூட்டினோமா? இல்லை! ஆட்களால் அல்ல, அன்பால் நிறுத்தினோம்! ஒரேயொரு ஊழியரை வைத்து இதைச் சாதித்திருக்கிறோம். அடுத்த ஆண்டு அந்த ஒருவரும் இல்லாமலே சாதிக்க முடியும் என்று..."

விறகுக் காம்பராக் கதவு திறந்தது. முந்தானையை மார்போடு இழுத்துக்கொண்டு ராக்காயி நேராக விருந்தினர்களுக்கு நடுவே வந்தாள். செல்லசாமிக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்னால்தான் கேட்டுக்கு வழி.

"தள்ளுங்கய்யா. பாலு கட்டிக்கிச்சு."

கொழும்பு அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். செல்லசாமியின் முகம் கறுத்தது. ஒலிபெருக்கியைக் கையால் மூடினார். "யார்ரா இந்தப் பிச்சக்காரிய உள்ள விட்டது? மூக்கா! வெளிய தள்ளிக் கேட்டச் சாத்து. விழா முடியிறவரைக்கும் ஒரு வெளியாளு உள்ள வரக்கூடாது!" பிறகு கையை எடுத்தார். "இந்த ராக்காயியை நாங்கள் எங்கள் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறோம்..."

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. நாகலெட்சுமி அந்த வளைவை நினைத்தாள். மேடையிலிருந்து இறங்கினாள்.

"எங்கம்மா போற? கம்பளி வாங்குற படம் புடிக்கணும்" என்றார் செல்லசாமி.

"ராக்காயிக்குக் குடுக்கப் போறேங்க."

"ராக்காயி உள்ளதான இருக்கா?"

மாயாண்டி மாஸ்டர் கைதட்டினார். உடனே எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள் அவள் கேட்டைத் திறக்கச் சொல்லி வெளியேறினாள்.

ராக்காயி வளைவில் ரோட்டின் நடுவே நின்றுகொண்டிருந்தாள். மேலேயிருந்து லொறிச் சத்தம். நாகலெட்சுமி ஓடிப்போய் இழுத்து, இருவருமாக ரோட்டோரக் கானுக்குள் விழுந்தார்கள். லொறி போனபிறகு ராக்காயி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "பாத்து வரக்கூடாதா புள்ள?" என்று கடிந்துகொண்டாள்.

பிள்ளைக்காம்பராவில் ஒருவரும் இல்லை. தொட்டில்கள் சுருங்கித் தொங்கின. ராக்காயி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். கடைசித் தொட்டிலையும் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றபோது அவள் முகத்தில் இருந்ததை நாகலெட்சுமி பார்க்காமல் இருந்திருக்கலாம். எப்போதோ ஒருநாள், எந்தப் பத்திரத்திலும் ஏறாத ஒரு நாளில், இதே முகத்தோடு இவள் ஒரு தொட்டிலுக்கு முன்னால் நின்றிருக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது.

"எங்க புள்ள கொண்டு போனாங்க?"

அப்போது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கியில் குழந்தைகள் பாடுவது கேட்டது. இடையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. ராக்காயி தலையைத் தூக்கினாள். "அங்கதான் அழுவுது" என்று வந்த வழியே விடுவிடென்று ஏறினாள். வாழ்நாளில் முதல் தடவையாக அவள் அடைக்கல மனைக்குள் போக அவசரப்பட்டாள்.

கேட் சாத்தியிருந்தது. ராக்காயி உள்ளங்கையால் தட்டினாள். மூக்கன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணீர் விடுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். "உத்தரவு இல்லீங்க நாகலெட்சுமிக்கா. திரும்பவும் தெறந்தா எம்பேர வெட்டிருவாங்க."

"இந்த மனையை விட்டு வெளியே போக நினைக்கும் உள்ளம் இங்கே ஒன்றுகூட இல்லை!" என்றது ஒலிபெருக்கி.

தட்டும் சத்தம் கேட்டு மாயாண்டி மாஸ்டர் வந்தார். கம்பி வழியாக நாகலெட்சுமியை ஏற இறங்கப் பார்த்தார். சேறு, கிழிந்த முந்தானை, கையில் கம்பளி. அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

"நீ எப்படி வெளிய இருக்க முடியும்? மாசம் பூரா உள்ளன்னு நீயே கையெழுத்து போட்டிருக்கியே. இப்ப உன்ன உள்ள விட்டா, நீ வெளிய போனதா ஆயிரும். கொழும்புக்காரரு வேற இருக்காரு. அவரு போறவரைக்கும் அப்புடிக் கொஞ்சம் மறைவா நில்லு."

நாகலெட்சுமிக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. அழுக்குத் துணியை வாளியில் அமுக்கும்போது மேலே வரும் நுரையைப் போல ஒரு சிரிப்புத்தான் வந்தது.

"சரிங்க சார். அப்ப உள்ள இருக்குற நாகலெட்சுமிகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. அடுப்புல கஞ்சி கெடக்கு. பழனியாண்டித் தாத்தாவுக்குப் புண்ணு கழுவணும். படுக்கையாக் கெடக்குற பேச்சியம்மாவ எடது பக்கமாத் திருப்பிப் போடணும். காலையில இருந்து யாருக்கும் தண்ணி குடுக்கல. அவளச் செய்யச் சொல்லுங்க."

மாஸ்டர் திரும்பி ஹாலைப் பார்த்தார். அங்கே பதினோரு மெம்பர்களும் ரோல்ஸ் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இருபத்திரண்டு வாய்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரோ தட்டைத் தரையில் தட்ட ஆரம்பித்தார்கள்.

பாடி முடித்த குழந்தைகளை வெளியே அனுப்பக் கேட்டைத் திறந்தார்கள். வெளியாட்கள் போவதற்குத் தடையில்லை. மீனம்மா முன்னால் வர, அவள் இடுப்பிலிருந்த கைக்குழந்தையை ராக்காயி ஒரு வார்த்தையும் கேட்காமல் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பாடிக் களைத்த பிள்ளைகள் நடுவே அது அழுகையை நிறுத்திவிட்டு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. நாகலெட்சுமி கம்பளியைப் பிரித்து இரண்டு பேர் மேலும் போர்த்தினாள். எல்லோரும் கீழே இறங்கினார்கள். வளைவில் நாகலெட்சுமி முன்னால் போய்க் கையை நீட்டி நின்றாள்.

பின்னால் தட்டுகளின் சத்தம் பெருத்துக்கொண்டே வந்தது. போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மீனம்மாவின் லயத்தில் ஒரு மூலை கிடைக்கும். கமிட்டி தன் நாகலெட்சுமியை உள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பேச்சியம்மாவை இடது பக்கம் திருப்பவில்லை என்பது அவள் இரண்டு கைகளுக்கும் தெரிந்திருந்தது. கமிட்டி கொள்கையை நம்பி நடக்கவில்லை, ரெஜிஸ்டரை நம்பியும் நடக்கவில்லை. இந்த இரண்டு கைகளால் சும்மா இருக்க முடியாது என்பதை நம்பித்தான் அது பதினோரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டபோது அவளுக்குத் தன் கைகள்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"என்ன நின்னுட்ட? வெரசா நட புள்ள" என்றாள் ராக்காயி. "குடுத்துட்டுத் திரும்பி வரணும்ல."

"ஆமா அம்மாயி" என்றாள் நாகலெட்சுமி. "வரணும்."